காரிடார் செம்பருத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் செம்பருத்திகள் வரிசையாக நிற்கின்றன. அந்த வழியாகப் போகிற தமிழர்களில் பாதிப் பேர் நின்று ஒரு சந்தேகம் கேட்காமல் நகர மாட்டார்கள். மீதிப் பேர் ராத்திரி வாட்ஸ்அப்பில் மஞ்சள் இலையின் படத்தை அனுப்புவார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பதற்கு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தொட்டியில் வளர்ப்பவர்களுக்காக எழுதியது. தரைவீட்டில் மண்ணில் நட்டவர்களுக்கு இதில் பாதிக் கவலை கிடையாது.

1. ஊர்ல வேலியோரம் தானா வளர்ற செடி, சிங்கப்பூர்ல வராதா என்ன?

தாராளமாக வரும். செம்பருத்தி வெப்பமண்டலச் செடி. இங்கே ஆண்டு முழுக்க வெப்பம் 24 முதல் 33 டிகிரி, பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், மழை ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். குளிர்காலம் இல்லாததால் செடி ஓய்வெடுப்பதே இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் 1960இல் இதைத்தான் 'புங்கா ராயா' என்று தேசிய மலராக்கினார்கள். தட்பவெப்பத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஊரில் வேலியோரம் நிற்கிற செடிக்கு வேர் இறங்க நிலம் இருக்கிறது, உச்சி முதல் அடிவரை வெயில் இருக்கிறது. நம் வீட்டில் இரண்டும் அளந்துதான் கிடைக்கும். அதனால் இங்கே செடி செத்துப்போனது என்ற புகாரைவிட, பச்சைப்பசேலென்று நிற்கிறது ஆனால் பூக்கவில்லை என்ற புகார்தான் அதிகம். அதற்கான பதில் 3இல்.

2. எந்த வகை வாங்கலாம்?

முதல்முறை என்றால் சாதாரண ஐந்திதழ்ச் சிவப்பு. பூச்சி, மழை, மறதி எல்லாவற்றையும் தாங்கும். அடுக்குச் செம்பருத்தி பார்க்க நிறைவாக இருக்கும், ஆனால் மொட்டு உதிர்வது அதில் கொஞ்சம் அதிகம். நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் ஒரு நிறம் என்று தட்டு அகலத்துக்குப் பூக்கிற கலப்பின வகைகள் மெதுவாக வளரும், சீக்கிரம் முகம் சுளிக்கும். இதழ் கிழிந்து ஜிமிக்கி மாதிரித் தொங்குகிற வகையும் உண்டு. அது கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த தனி இனம். கிளைகள் வளைந்து பரவுவதால் காரிடாருக்குத் தோதில்லை.

3. எங்க காரிடார்ல வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. ஏன் பூக்கல?

வெளிச்சம் வேறு, வெயில் வேறு. செம்பருத்திக்கு இலைமேல் நேராக விழுகிற வெயில் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வேண்டும். மூன்று நான்கு மணி நேரத்தில் அவ்வப்போது ஒரு பூ கிடைக்கும். அதற்கும் கீழே போனால் இலைதான். நம் கண்ணுக்கு நிழலும் பளிச்சென்று தெரிவதால் ஏமாந்துபோகிறோம். செடி பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் தரையில் கறுப்பாக, விளிம்பு வெட்டினாற்போல விழுந்தால் அது வெயில். மங்கலாகப் பரவினால் அது வெறும் வெளிச்சம். காலை 8 மணிக்குத் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து பார்த்துவிட்டால் உங்கள் காரிடாரின் ஜாதகமே தெரிந்துவிடும்.

திசையும் முக்கியம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு டிகிரி சொச்சத்தில் இருக்கிறோம். சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே போகிறது. கிழக்குப் பார்த்த காரிடாரில் 7 மணிச் சூரியோதயத்திலிருந்து பத்து, பத்தரை வரை வெயில் உள்ளே விழும். அப்புறம் மேல்மாடித் தளம் மறைத்துவிடும். மேற்குப் பார்த்ததில் இதுவே பிற்பகலில் நடக்கும். எதிர் புளோக் கிட்டத்தில் இருந்தால் அதிலும் ஒரு பங்கு போய்விடும்.

வடக்கு, தெற்குப் பார்த்த காரிடார்தான் சிக்கல். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சூரியன் வடக்கே சாய்கிறது, அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்கே. அந்தந்தப் பக்கத்துக்கு அந்தந்த மாதங்களில்தான் வெயில் வரும். அதுவும் செங்குத்தாக விழுவதால் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு குறுகிய பட்டையாகத்தான் கிடைக்கும். ஜூனில் பூத்த செடி டிசம்பரில் ஏன் சும்மா நிற்கிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வடக்குப் பார்த்த வீட்டுக்காரர்கள்தான். அவர்களிடம் நான் உரம் வாங்கச் சொல்வதில்லை. பேசாமல் மணி பிளாண்ட் வையுங்கள், செம்பருத்தி ஆசைக்குப் பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் சேருங்கள் என்றுதான் சொல்வேன்.

4. தொட்டி எவ்வளவு பெருசு? கடையில விக்கிற மண் போதுமா?

வாங்கிய தொட்டியைவிட ஒரு சுற்றுப் பெரிதாக மாற்றுங்கள். கடைசியில் 30 சென்டிமீட்டர் அகலத் தொட்டி போதும். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போனால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும்.

பைமண்ணை அப்படியே போட்டால் நாலைந்து மாதத்தில் இறுகி, தண்ணீர் மேலே குளமாக நிற்கும். மண் இரண்டு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்துகள்) அல்லது சின்ன எரிமலைக்கல் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் அரை நிமிடத்துக்குள் மேற்பரப்பிலிருந்து மறைய வேண்டும். அதுதான் சோதனை.

5. தினமும் தண்ணி ஊத்தணுமா? குழாய்த் தண்ணில குளோரின் இருக்கே?

விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டாவிட்டால் ஊற்றுங்கள். ஊற்றினால் அடித்துளை வழியே வெளியே வரும்வரை ஊற்றுங்கள். வெயில் படும் இடத்தில் அநேகமாகத் தினமும் தேவைப்படும். டிசம்பர், ஜனவரி மழைநாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். தினமும் அரைக் குவளை தெளிப்பதுதான் மோசமான பழக்கம். மேல்மண் மட்டும் நனையும், அடிவேர் காய்ந்தே கிடக்கும்.

குழாய்த் தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும் என்கிறார்கள். இங்கே குடிநீரில் சேர்ப்பது குளோரமின், அது அப்படி லேசில் ஆவியாகாது. அந்த அளவு செடியை ஒன்றும் செய்யவும் செய்யாது. திறந்த வாளியில் தண்ணீர் பிடித்துவைத்தால் கொசுதான் லாபம்.

6. தொட்டிக்கு அடியில தட்டு வைக்கலாமா? டெங்கி ஆளுங்க வந்தா அபராதம்ங்கிறாங்களே?

தட்டில் தண்ணீர் நின்று கொசுப்புழு இருந்தால் அபராதம்தான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். தட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்துக் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

இறுகிய மேல்மண்ணில் தேங்குகிற தண்ணீரையும் அதிகாரிகள் பார்ப்பார்கள். வாரம் ஒருமுறை ஒரு பழைய முள்கரண்டியால் மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். வேருக்கும் காற்று கிடைக்கும்.

7. பூக்குறதுக்குன்னே ஒரு உரம் விக்கிறாங்களே, அதை வாங்கலாமா?

வேண்டாம். உரப் பெட்டியில் மூன்று எண்கள் இருக்கும்: தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்). பூ உரம் என்று விற்பவற்றில் பெரும்பாலும் நடு எண் பெரிதாக இருக்கும். மற்ற பூச்செடிகளுக்கு எப்படியோ, செம்பருத்திக்கு மணிச்சத்து அதிகமானால் ஆகாது. இரும்பு முதலிய நுண்சத்துகளை வேர் எடுப்பதை அது கெடுத்துவிடும். 12-4-18 போல நடு எண் சின்னதாகவும் கடைசி எண் பெரிதாகவும் இருப்பதைத் தேடுங்கள். எலும்புத்தூளும் மணிச்சத்துதான், அதையும் தவிர்க்கலாம்.

பெட்டியில் சொன்ன அளவில் பாதியை எடுத்து, இரண்டு மடங்கு தடவை கொடுங்கள். காய்ந்த மண்ணில் போடாதீர்கள். அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத் தோல் பற்றியும் கேட்பார்கள். அரிசித் தண்ணீர் புதிதாக இருந்தால் கெடுதல் இல்லை, பெரிய பயனும் இல்லை. வாழைத்தோலை அப்படியே புதைத்தால் எறும்பும் பழ ஈயும் வரும், அடுத்து பக்கத்து வீட்டு ஆன்ட்டி வருவார்.

8. இலை மஞ்சளாகுது. தண்ணி கூடவா, குறைவா?

எந்த இலை என்று முதலில் பாருங்கள். அடியில் ஒன்றிரண்டு பழைய இலை மஞ்சளாகி விழுவது வயது. கவலைப்படாதீர்கள். கீழிருந்து மேலே ஒரே வாரத்தில் பல இலைகள் மஞ்சளானால் தண்ணீர்ப் பிரச்சினை. கூடவா குறைவா என்பதை 5இல் சொன்ன விரல் சொல்லிவிடும்.

நுனியில் உள்ள புது இலைகள் மட்டும் வெளிறி, நரம்புகள் பச்சையாகவே தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. நாளாக நாளாக மண் காரத்தன்மை ஏறுவதாலும் இது வரும். கீலேட் இரும்பை (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள இரும்புச்சத்து) இலையில் தெளித்தால் தற்காலிகமாகத் தேறும். மண்ணை மாற்றுவதுதான் நிரந்தர வழி. பழைய இலைகளில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் படர்ந்தால் மெக்னீசியக் குறை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு, மாதம் ஒருமுறை.

ஊசியால் குத்தினதுபோல் பொடிப் புள்ளிகள் விழுந்து இலை முழுக்க மங்கினால், திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மெல்லிய நூலாம்படை இருந்தால் சிலந்திப்பேன். மழைச்சாரல் படாத உள்பக்கக் காரிடாரில் இது சகஜம். குழாய் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தை வாரம் இரண்டுமுறை கழுவினாலே பெருமளவு போய்விடும்.

9. தண்டுல பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கு, எறும்பும் ஊருது. எறும்பு மருந்து போடவா?

பஞ்சுபோல இருப்பது மாவுப்பூச்சி. அது சாற்றை உறிஞ்சி இனிப்பாகக் கழிக்கும். எறும்பு அதைக் குடிக்க வருகிறது, பதிலுக்கு மாவுப்பூச்சியை மற்ற பூச்சிகளிடமிருந்து காவல் காக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் ஒழிக்க வேண்டும். எறும்பு ஏறும் வழி பெரும்பாலும் சுவரைத் தொடுகிற ஒரு கிளையாக இருக்கும். அதை வெட்டுங்கள்.

நுனி சுருண்டு, இலைகள் கொத்தாகக் குறுகிப்போயிருந்தால் அந்த நுனியைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், திருத்த முடியாது. மற்ற இடங்களில், மருந்துக்கடையில் கிடைக்கிற 70 சதவீத ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுங்கள். அதன்பின் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, சாயங்காலத்தில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். ஒரே தடவை தெளித்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

10. மொட்டு நிறைய வருது, விரியுறதுக்கு முன்னாடியே உதிர்ந்துடுது. திருஷ்டியா?

திருஷ்டிக்கு முன்னால் மொட்டைப் பிளந்து பார்த்துவிடுவோம். உதிர்ந்த மொட்டில் மஞ்சள் தட்டினதாக ஒன்றை எடுத்து, நகத்தால் நீளவாக்கில் கீறி, வெள்ளைத் தாளில் வைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். அரிசிக் குருணையைவிடச் சின்னதாக, வெளிர்நிறப் புழுக்கள் நெளிந்து வெளியே வந்தால், கொசுவைவிடப் பொடியான ஓர் ஈயின் வேலை அது. மொட்டுக்குள் முட்டையிடும். மல்லிகை, ஆர்க்கிட் மொட்டுகளையும் விடாது. புழு வளர்ந்ததும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும் என்பதால், உதிர்ந்த மொட்டுகளைத் தொட்டியிலேயே விடுவதுதான் அதை வளர்ப்பது. தினமும் பொறுக்குங்கள், செடியில் மஞ்சளாகத் தொங்குவதையும் கிள்ளுங்கள், பையைக் கட்டிக் குப்பைச் சரிவில் போடுங்கள். மேல்மண்ணையும் ஓரங்குலம் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்தால் குறையும்.

புழு இல்லையா? அப்படியானால் பெரும்பாலும் தண்ணீர் ஒழுங்கின்மை: இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றுவது. தொட்டியை இடம் மாற்றினாலும் இருக்கிற மொட்டுகளைச் செடி உதிர்த்துவிட்டுத்தான் புதிதாகத் தொடங்கும். வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரத்தில் உதிர்வதற்கும் இதுதான் காரணம்.

11. செடி ஒல்லியா உசரமாப் போயிடுச்சு. வெட்ட மனசு வரல.

வெட்டுங்கள். செம்பருத்தி புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். மூன்றில் ஒரு பங்கை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே, சாய்வாக வெட்டினால் ஒரு கிளை இரண்டு மூன்றாகும். திரும்பப் பூக்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதைப் பொறுக்க முடியாதவர்கள் இந்த மாதம் பாதிக் கிளைகள், அடுத்த மாதம் மீதி என்று வெட்டலாம்.

12. வாங்கும்போது குட்டையா, அடக்கமா, பூ நிறைய இருந்துச்சு. இப்ப தென்னை மாதிரிப் போகுது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்று இல்லை. தொட்டிக்காக வளர்க்கும் நர்சரிகளில் கணு இடைவெளியைக் குறைக்க வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுப்பது வழக்கம். சில மாதங்களில் அதன் வேகம் தீர்ந்ததும் செடி தன் இயல்புக்குத் திரும்பும். செம்பருத்தி இயல்பில் ஆள் உயரத்தைத் தாண்டுகிற புதர். வெயில் குறைந்த இடமானால் இன்னும் நீளும். 3ஐயும் 11ஐயும் சேர்த்துப் படியுங்கள்.

13. மஞ்சள் பூச்செடி வாங்கினேன், இப்ப சிவப்புப் பூக்குது!

கலப்பின வகைகளைப் பலமான சாதாரணச் செம்பருத்தியின் வேரில் ஒட்டுக்கட்டி விற்பார்கள். தண்டின் அடியில் முழங்கை மாதிரி ஒரு முடிச்சு தெரியும். அதற்குக் கீழேயிருந்து கிளைத்த தளிர் வேர்ச்செடியினுடையது. விட்டுவைத்தால் அதுவே சாப்பாட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு மஞ்சளைப் பட்டினி போட்டுவிடும். முடிச்சுக்குக் கீழே வருவதை அடியோடு ஒடித்தெறியுங்கள். மஞ்சள் கிளை ஏற்கெனவே செத்திருந்தால், சரி, இப்போது உங்களிடம் இருப்பது நல்ல சிவப்புச் செம்பருத்தி.

மஞ்சள் வெளிறி ஆரஞ்சாகிறது என்ற அளவில் மாற்றம் இருந்தால் அது வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் வருவது. ஒட்டு முடிச்சைக் குறை சொல்ல வேண்டாம்.

14. பூ விரியவே மாட்டேங்குது, சுருட்டினபடியே நாலு நாள் தொங்குது. என்ன நோய்?

நோயே இல்லை, அது விரியாத வகை. சிவந்த மிளகாய்போல் தலைகீழாகத் தொங்கும், இதழ் நுனியில் மகரந்தத் தண்டு மட்டும் எட்டிப்பார்க்கும். செம்பருத்தியின் உறவுதான், ஆனால் வேறு பேரினம். எத்தனை உரம் போட்டாலும் திறக்காது. தேன்சிட்டுக்கு ரொம்பப் பிடிக்கும்.

15. குச்சி வெட்டி நட்டா வருமா? ஊர்லேர்ந்து கொண்டுவரலாமா?

சாதாரணச் சிவப்பு எளிதில் வரும். பென்சில் பருமனில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கிளையை 15 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். மேலே இரண்டு இலை வைத்து அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். நார்த்தூளும் பெர்லைட்டும் சரிபாதி கலந்து நட்டு, ஒளி ஊடுருவும் பையால் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரம். நடுவில் பிடுங்கிப் பார்க்காதீர்கள். கலப்பின வகைகள் குச்சியில் அவ்வளவாக வேர்விடாது. விதைக்கு ஆசைப்பட வேண்டாம், தொட்டிச் செம்பருத்தி காய்ப்பது அபூர்வம்.

ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றி பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது சட்டப்படி தப்பு. இந்தியாவில் வாங்கிய தாவர நலச் சான்றிதழும் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். ஒரு குச்சிக்காக அந்த அலைச்சல் தேவையா? எங்கள் தோட்டத்தில் கேட்டாலே வெட்டித் தருவோம்.

16. தீபாவளிக்கு ஊருக்குப் போறோம், ஒரு மாசம். செடிய என்ன பண்றது?

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் 11இல் சொன்னபடி வெட்டிவிடுங்கள். இலை குறைந்தால் தண்ணீர்த் தேவையும் குறையும். வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்துங்கள். பக்கத்து வீட்டில் சொல்லிவைப்பதுதான் நிச்சயமான வழி. திரும்பும்போது ஒரு பொட்டலம் அல்வா வாங்கிக்கொண்டு வாருங்கள், அடுத்த வருஷமும் ஊற்றுவார்கள். வாளியிலிருந்து பருத்தித் திரி இழுத்துத் தொட்டியில் செருகுகிற முறையும் வேலை செய்யும், ஆனால் வாளிக்கு இறுக்கமான மூடி கட்டாயம். காரணம் 6இல்.

17. கைப்பிடிச் சுவர்மேல வெச்சா வெயில் நல்லா கிடைக்குது. வைக்கலாமா?

கூடவே கூடாது. ஈரமண்ணோடு ஒரு தொட்டி பத்துக் கிலோவுக்கு மேல் போகும். பத்தாவது மாடியிலிருந்து விழுந்தால் கீழே போகிறவர் பிழைக்க மாட்டார். சுவருக்கு உள்பக்கம், தரையில் அல்லது உறுதியான தாங்கியில் வையுங்கள். காரிடாரில் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும், தீ விபத்தில் தூக்குப்படுக்கை போக அது தேவை. நகர மன்றம் குறிப்பு ஒட்டிவிட்டுப் போனால் சண்டைக்குப் போகாமல் தொட்டியைக் குறையுங்கள்.

கீழ்வீட்டுத் துணியில் மண்தண்ணீர் சொட்டுவதுதான் காரிடார்ச் சண்டைகளில் பெரும்பான்மை. அவர்கள் துணி காயப்போடும் நேரம் தவிர்த்து, விடிகாலையில் ஊற்றுங்கள்.

18. தேன்சிட்டு கிளையில கூடு கட்டிடுச்சு. மருந்து அடிக்கலாமா, வெட்டலாமா?

இரண்டும் கூடாது. காட்டுப் பறவைகளுக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. முட்டை பொரித்துக் குஞ்சு பறக்க ஒரு மாதம்போலத்தான் ஆகும். அதுவரை தண்ணீரை அடியில் மட்டும் ஊற்றுங்கள்.

19. இலை, பூவைத் தலைக்கும் டீக்கும் பயன்படுத்தலாமா?

இலையை அரைத்தால் வரும் வழவழப்பு தலைமுடியை அலசும், மிருதுவாக்கும். அது உண்மை. வழுக்கையில் முடி முளைக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். மருந்து அடித்த செடி, நர்சரியிலிருந்து புதிதாக வந்த செடி இரண்டிலிருந்தும் பறிக்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் புது இலை விட்டபின் பார்க்கலாம்.

கடையில் செம்பருத்தி டீ என்று விற்கிற புளிப்பான சிவப்புப் பானம் பெரும்பாலும் ரோசெல், புளிச்சகீரை இனத்தின் சதைப்பற்றான புல்லிவட்டம் (பூவின் அடியைச் சுற்றியிருக்கும் உறை). நம் தொட்டிச் செடி அது இல்லை. ரோசெல் இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கக் கூடியது, ஆகவே அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இரண்டையுமே கேட்காமல் குடிக்க வேண்டாம்.

20. வெள்ளிக்கிழமை அம்மனுக்கு வைக்கணும், ஆனா விடியறதுக்குள்ள யாரோ பறிச்சிட்டுப் போயிடறாங்க!

இந்தக் கேள்வி எல்லா புளோக்கிலும் உண்டு. பறிப்பவரும் சாமிக்குத்தான் பறிக்கிறார் என்பதால் கோபப்படவும் முடியவில்லை. வழி இருக்கிறது. நாளை விரியப்போகும் மொட்டை இன்று மாலையே அடையாளம் காணலாம்: பச்சைப் புல்லிவட்டத்தைத் தாண்டி நிறம் நன்றாக நீண்டு, நுனி லேசாகத் தளர்ந்திருக்கும். வியாழன் மாலை அதைக் காம்போடு பறித்து, சாமி அறையில் ஒரு தட்டில் வைத்துவிடுங்கள். தண்ணீர்கூட வேண்டாம், காலையில் விரிந்திருக்கும்.

சாயங்காலப் பூசைக்கு வேண்டுமென்றால், காலையில் விரிந்த பூவை உடனே டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, விளக்கேற்றும் நேரத்தில் எடுங்கள். வெளியே எடுத்த பிறகும் சில மணி நேரம் சுருங்காமல் நிற்கும்.